பெங்களூரு வீட்டில் பச்சோந்திக் குட்டி: கண்ணாடித் தொட்டியா, வலைக்கூண்டா?

"மாமா, கண்ணாடித் தொட்டி ஒண்ணு பாதி விலைக்கு வருது. எடுத்துரட்டுமா?"

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகன் போனில் கேட்டான். மூன்று மாதப் பச்சோந்திக் குட்டி ஒன்று பத்து நாளில் அவன் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நம் ஊர்ப் பச்சோந்தி இல்லை. ஏமனிலும் அதை ஒட்டிய சவுதி மலைகளிலும் வாழும் இனம். முக்காடு போட்டது மாதிரி தலைக்கு மேல் கொண்டை எழும்பி நிற்பதால் வெய்ல்டு கமீலியன் என்று பெயர். "இப்போ எடுக்காதே, சாயங்காலம் வர்றேன், வீட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

தொட்டியைப் பார்க்காமல் வீட்டைப் பார்ப்பானேன் என்று அவனுக்குக் குழப்பம். நான் மர்பி டவுனில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறேன். அவன் எலக்ட்ரானிக் சிட்டியில் பதினோராவது மாடி. இரண்டும் பெங்களூருதான், ஆனால் காற்று ஒன்றில்லை. அன்று மதியம் மூன்று மணிக்கு என் கூடத்தில் ஈரப்பத மீட்டர் 46 சதவீதம் காட்டியது. அதே மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய் நாலரை மணிக்கு அவன் ஹாலில் வைத்தேன். 29. மேற்குப் பார்த்த பால்கனி, திறந்தால் மூஞ்சியில் அறையும் காற்று. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் கூண்டு பற்றிய முடிவு இருக்கிறது. நெட்டில் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் ஃப்ளோரிடாவிலோ ஜெர்மனியிலோ எடுத்தவை. அவர்கள் சொல்வது அவர்கள் வீட்டுக்குச் சரி.

கூண்டுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராமத்து வேலியோரம் நாம் பார்க்கும் இந்தியப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தொடக்கூடாது. வெய்ல்டு கமீலியன் வெளிநாட்டு இனம் என்றாலும், வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பதற்குப் பதிவு தேவை. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி பொரித்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். அக்கா மகனுக்குக் குட்டியைக் கொடுத்தவர் அவனுடைய ஆபீஸ் நண்பர். தாய், தகப்பன், பொரித்த குட்டிகள் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தார். காகிதம் காட்டாமல் அட்டைப்பெட்டியில் வைத்து நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். அந்த ஜீவன் எந்த விமானத்தில், எந்தப் பைக்குள், எத்தனை குட்டிகள் செத்த பிறகு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

என் முதல் தொட்டி

கண்ணாடித் தொட்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. என்னிடம் முன்பு ஒரு ஆண் இருந்தான். வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்று 2020ல் மத்திய அரசு சொன்னபோது அவனைப் பதிந்தேன். அவனைக் கொண்டுவந்த புதிதில், மீன் வளர்த்த தொட்டி ஒன்று சும்மாதான் கிடந்தது. மேலே வலை மூடி போட்டு, குச்சிகள் வைத்து அதில் விட்டேன். மே மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஜூனில் மழை பிடித்ததும் கண்ணாடி உள்பக்கம் வியர்த்தபடியே இருந்தது. காலையில் தெளித்த தண்ணீர் சாயங்காலமும் அப்படியே நிற்கும். ஈரம் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் ராத்திரி அவன் தூங்கும்போது பக்கத்தில் போனேன். 'டிக்... டிக்' என்று மெல்லிய சத்தம், எண்ணெயில் கடுகு ஒன்றிரண்டு வெடிப்பது போல. தலையை மேலே தூக்கி, வாயைக் கொஞ்சமாகத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூச்சுக்குழாய்த் தொற்று. ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் கிடைத்து, ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, ஐந்து வாரத்தில் தேறினான். அதற்குப் பிறகு வலைக்கூண்டில் நாலு வருஷம் நன்றாக இருந்தான். ஆனாலும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. அது தேங்கி நின்ற காற்றின் சத்தம் என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பச்சோந்திகள் வாழும் ஏமன் மலைப் பகுதியில் பகல் காய்ந்து கிடக்கும், இரவில் குளிர்ந்து பனி இறங்கும். இலையில் படியும் அந்த ஈரத்தைத்தான் அவை விடியற்காலையில் குடிக்கின்றன, சுவாசிக்கின்றன. பகலில் 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும். இரவில் 75க்கு மேல் போகலாம். ஈரமாவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரணக் கண்ணாடித் தொட்டியால் முதல் பாதியைச் செய்ய முடியும். இரண்டாவது பாதியைச் செய்ய முடியாது.

கண்ணாடிக்கு எதிராக இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, வெளிச்சம் விழும் கோணத்தில் குட்டி தன் பிம்பத்தையே இன்னொரு பச்சோந்தி என்று நினைத்துக்கொள்ளும். இவை தனியாக வாழும் ஜீவன்கள். எதிரே ஒருவன் நாள் முழுக்க நின்று முறைத்தால் தின்னாது, கறுத்துப்போய் மூலையில் ஒடுங்கும். இன்னொன்று, மீன் தொட்டி நீளமானது. பச்சோந்திக்கு வேண்டியது உயரம். மேலேறினால் சூடு, கீழே இறங்கினால் குளிர்ச்சி, அதற்கு மேலும் பயந்தால் இலைக்குப் பின்னால் ஒளிய இடம். ஒன்றரை அடி உயரத் தொட்டியில் விளக்குக்கும் தரைக்கும் நடுவே அதற்கு ஓட இடமே இல்லை.

கண்ணாடிப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர்வனவற்றுக்கென்றே செய்த கண்ணாடிக் கூண்டு வேறு. முன்பக்கம் கீழே ஒரு காற்றுப் பட்டை, மேலே முழுவதும் வலை. விளக்குச் சூட்டில் உள்காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று வரும். ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடி வறண்டுபோகும் வீடுகளில் இதில் நன்றாகவே வளர்க்கிறார்கள். பெங்களூரில் அதை இறக்குமதி செய்து நாலடி உயரத்துக்கு வாங்கினால் விலை எக்கச்சக்கம். அக்கா மகனுக்கு வந்ததோ அதுவும் இல்லை. மூன்றடி நீள மீன் தொட்டி. "வேண்டாம்டா" என்று சொல்ல ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

வலை நல்லது, ஆனால் பதினோராவது மாடியில்?

அப்போ வலைக்கூண்டுதான் என்று முடித்துவிடலாமா? என் தரைத்தள வீட்டில் நாலு பக்கமும் வலை வைத்த கூண்டு அப்படியே வேலை செய்தது. அவன் வீட்டில் மதியம் 29 சதவீதம், அதோடு காற்று. காலையில் இரண்டு நிமிஷம் தெளித்தால் பத்து நிமிஷத்தில் இலை காய்ந்துவிடும். குட்டி குடிக்க யோசித்து, அக்கம்பக்கம் பார்த்து, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டுவதற்குள் துளி போய்விடும். பெரிய பச்சோந்தி ஒரு நாள் குடிக்காவிட்டாலும் தாங்கும். வாலோடு சேர்த்து ஒரு சாண்கூட இல்லாத குட்டி தாங்காது.

அதனால் நாங்கள் எடுத்தது நடுவழி. கூண்டு வலைதான், பின்பக்கமும் இரண்டு ஓரமும் வெளியிலிருந்து மெல்லிய வெள்ளை பி.வி.சி. ஷீட் வைத்து மூடினோம். முன்பக்கமும் மேல்பக்கமும் திறந்த வலை. ஷீட் நிரந்தரமாக ஒட்டவில்லை. கிளிப் மாட்டித்தான் நிற்கிறது. பிப்ரவரி முதல் மே வரை மூன்று பக்கமும் இருக்கும். ஜூனில் மழை வந்து ஈரப்பதம் தானாக 80ஐத் தாண்டும்போது ஓரத்து இரண்டையும் கழற்றிவிடலாம். டிசம்பரில் ராத்திரி 15 டிகிரி வரைக்கும் இறங்கும்போது மறுபடி மாட்டலாம். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் சாப்பாட்டு மேஜைக்குப் போடும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றினாலும் இதே பலன். பார்க்க அழகாக இருக்காது, குட்டிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வெள்ளை ஷீட்டில் கூடுதலாக ஒரு நன்மை: மூன்று பக்கம் மறைந்துவிடுவதால் யார் நடந்தாலும் குட்டி திடுக்கிடாது.

ஒரு வருஷத்தில் மூன்று விதமாக மாறும் ஊர் இது. கூண்டும் மாறத் தெரிந்ததாக இருக்க வேண்டும். வலையும் கழற்றக்கூடிய மறைப்பும் சேர்ந்ததை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

வலை என்றால் எந்த வலை? ஜன்னலுக்குப் போடும் ஃபைபர் கொசுவலையை, தீனியாகப் போடும் கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி) கடித்து ஓட்டை போட்டுவிடும், நானே பார்த்திருக்கிறேன். கோழிக்கூண்டு வலையில் குட்டியே வெளியே வந்துவிடும், அதன் முனைகள் நகத்தைக் கிழிக்கும். பெயின்ட் பூசிய அலுமினிய வலையோ, கூர் இல்லாத மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையோ நல்லது. ஜன்னல் செய்யும் அலுமினிய ஃபேப்ரிகேஷன் கடை எல்லா ஏரியாவிலும் இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி, உயரம் நாலடி என்று அளவு சொல்லி, முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கதவு கேட்டோம். நாலு நாளில் கொடுத்தார்கள். கீழ்க்கதவைத் தனியாகக் கேளுங்கள். தரையைத் துடைக்க ஒவ்வொரு முறையும் பெரிய கதவைத் திறந்து குட்டியை மிரட்ட வேண்டியிருக்காது.

வலைக்கூண்டின் இன்னொரு தொல்லை எறும்பு. செத்த பூச்சி ஒன்று கிடந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக வரிசை வந்துவிடும். தூங்கும் குட்டியை எறும்பு விடாது. இதற்கு மருந்தடிக்க முடியாது. கூண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினோம். அம்மா பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பாளே, அதே வைத்தியம்.

சின்னக் கூண்டா, பெரியதா?

குட்டிக்குச் சின்னக் கூண்டு போதும், பெரியதில் விட்டால் தீனி கண்ணில் படாது என்று பலர் சொல்வார்கள். பொரித்து ஒரு மாதமான குட்டி என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். மூன்று மாதம் தாண்டியது என்றால் நேரே பெரிய கூண்டு. தீனியை ஒரு கிண்ணத்தில் வைத்தால் தேட வேண்டிய அவசியம் இல்லை. சின்னக் கூண்டில் சூடு எல்லா மூலைக்கும் பரவிவிடும், குட்டி தப்பிக்க வழியில்லை. அதோடு நாலு மாதத்தில் இன்னொரு கூண்டு வாங்கி, ஒருமுறை பழகிய இடத்தை மறுபடி பறிக்க வேண்டும். இடமாற்றம் என்பது இந்த ஜீவனுக்குப் பெரிய அடி.

கூண்டே இல்லாமல் ஃபைக்கஸ் மரம் ஒன்றைத் தொட்டியில் வைத்து ஜன்னலோரம் விடுவதையும் சிலர் செய்கிறார்கள். வளர்ந்த, பழகிய பச்சோந்திக்குச் சரி. குட்டிக்கு வேண்டாம். மின்விசிறி, பூனை, திரைச்சீலைக்குப் பின்னால் காணாமல் போவது என்று காரணம் நிறைய.

உள்ளே செடிக்கு, லால்பாக் பக்கத்து நர்சரிகளில் எல்லாமே கிடைக்கும். மணி பிளான்ட், ஃபைக்கஸ், செம்பருத்தி, குடை மாதிரி இலை விரிக்கும் ஷெஃப்லேரா. இந்த இனம் இலையும் தின்னும். செம்பருத்திப் பூவை ஆசையாகக் கடிக்கும். அதனால் அரளி, டிஃபன்பாக்கியா மாதிரி விஷச் செடி எதுவும் கூடாது. நர்சரிச் செடியில் பூச்சி மருந்து இருக்கும். கொண்டுவந்ததும் மேல்மண்ணை மாற்றி, இலைகளைப் பலமுறை கழுவி, இரண்டு மூன்று வாரம் வெளியே வைத்த பிறகே உள்ளே விட வேண்டும். அவசரத்துக்கு என் வீட்டு மணி பிளான்ட் இரண்டை அக்கா மகனுக்குக் கொடுத்தேன். கூண்டுத் தரையில் மண், மரத்தூள் எதுவும் போடவில்லை. நாக்கோடு ஒட்டி வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர்: மூன்று வழிகள்

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் இந்தக் குட்டி குடிக்காது. நிற்கும் நீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே படுவதில்லை. நகர வேண்டும், சொட்ட வேண்டும், மினுங்க வேண்டும். இதைத் தெரியாமல் கிண்ணம் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குட்டி காய்ந்து செத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் கூண்டுக்கு அடுத்த முக்கிய முடிவு தண்ணீர் எப்படித் தருவது என்பது.

கை ஸ்ப்ரேயர் எளிது, விலை நூற்றுச் சொச்சம். ஆனால் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். புதுக்குட்டிக்கு ஆள் என்றாலே பயம், ஆள் நிற்கும்போது குடிக்காது. மேலே பட்டால் கண்ணை இறுக்கிக்கொண்டு உறைந்துவிடும். இலையில்தான் அடிக்க வேண்டும், குட்டி மேல் இல்லை.

இரண்டாவது, சொட்டு நீர். மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் கிடைக்கும். ஒரு பாட்டிலைக் கூண்டுக்கு மேல் வைத்து அதன் குழாயை விட்டு, சின்னச் சக்கரத்தைத் திருகினால் வினாடிக்கு ஒரு சொட்டு என்று பிடிக்கலாம். சொட்டு விழும் இடத்தில் ஒரு அகலமான இலை, அதற்குக் கீழே தரையில் வாளி. நான் பார்த்ததில் குட்டிக்கு இதைவிட நல்லது இல்லை. நாம் ஆபீஸ் போகலாம், தூங்கலாம். அதற்கு எப்போது தைரியம் வருகிறதோ அப்போது குடிக்கும்.

மூன்றாவது, தானியங்கி மிஸ்டிங், அதாவது குறித்த நேரத்தில் தானாகச் சாரல் தெளிப்பது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஆர்.ஓ. மெஷினுக்குப் போடும் 24 வோல்ட் பூஸ்டர் பம்ப், அடாப்டர், குழாய், மிஸ்ட் நாசில் எல்லாம் வாங்கி நாமே கோர்த்துவிடலாம். டைமர் வாங்கும்போது மட்டும் கவனம். சாதாரணத் திருகு டைமர் குறைந்தது 15 நிமிஷம் ஓடும். அத்தனை நேரம் ஓடினால் ஹாலில் படகு விடலாம். நிமிஷக் கணக்கில் வைக்கக்கூடிய டிஜிட்டல் டைமர் கேளுங்கள். விளக்கு எரிவதற்கு முன் விடியற்காலையில் இரண்டு நிமிஷம், விளக்கு அணைந்த பின் இரண்டு நிமிஷம். பகலில் காய விடுங்கள்.

அக்கா மகனும் அவன் மனைவியும் காலை எட்டு மணிக்குப் போனால் திரும்பும்போது இரவு எட்டு. அவர்களுக்கு மூன்றாவது வழி அவசியம், ஆனால் முதல் மாதம் வேண்டாம் என்றேன். புது பம்பின் சத்தமும் திடீரென்று அடிக்கும் சாரலும் புது இடத்தோடு சேர்ந்து வந்தால் குட்டி மிரளும். முதல் மாதம் டிரிப் செட்டும், விடியற்காலை இருட்டிலேயே ஒரு கை ஸ்ப்ரேயும். பம்ப் பிறகு.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். அவன் அபார்ட்மென்டுக்கு போர்வெல், பற்றாக்குறை வந்தால் டேங்கர். ஒரு வாரத்தில் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும், நாசில் அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றச் சொன்னேன். காவிரி வருகிற வீடு என்றால் கொதிக்க வைத்து ஆறவிட்டது போதும்.

போதிய அளவு குடிக்கிறதா என்பதை எச்சத்தைப் பார்த்தால் தெரியும். கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பகுதி இருக்கும். அது வெள்ளையாக இருந்தால் நல்லது, நுனியில் கொஞ்சம் மஞ்சள் பரவாயில்லை, முழுக்க ஆரஞ்சு என்றால் தண்ணீர் போதவில்லை. கண் உள்ளே போயிருந்தால் ரொம்பத் தாமதம், உடனே டாக்டர்.

விளக்கு

இதில் சமரசம் வேண்டாம். வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு வேண்டும். சுருள் வடிவ யூவிபி பல்பு மலிவு, ஆனால் அதன் கதிர் குறுகலாக ஒரே இடத்தில் விழும். நீள டி5 ட்யூப், 5 அல்லது 6 சதவீத யூவிபி, கூண்டின் அகலம் முழுக்க ஒளி தரும். வெயில் காயும் கிளை அதிலிருந்து எட்டு, பத்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். யூவிபி இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. குட்டிகளுக்கு இது சீக்கிரம் காட்டிவிடும்: கால் வளையும், தாடை ரப்பராகும், பிடி நழுவும். வளைந்த கால் பிறகு நிமிராது. ஜன்னலோரம் வெயில் வருகிறதே என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். ட்யூப் எரிந்துகொண்டிருந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே வரும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சூட்டுக்கு சாதாரண 40 வாட் குண்டு பல்பு போதும். குட்டிக்கு வெயில் கிளையில் 27 முதல் 29 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். வலைக்கு மேலேயே பல்பை வைக்காதீர்கள், குட்டி கூரையில் தலைகீழாகத் தொங்கும்போது கொண்டை வெந்துவிடும். அரை அடி மேலே தூக்கிக் கட்டுங்கள். ஏப்ரலில் அவன் ஹாலே 33 டிகிரி போகும், அப்போது குண்டு பல்பு தேவையே இல்லை. அதனால் கூண்டை மேற்கு ஹாலிலிருந்து கிழக்கு அறைக்கு மாற்றினோம். ராத்திரி எந்த விளக்கும் கூடாது, சிவப்பு பல்பும்தான். 18 டிகிரிக்கு இறங்கினால் நல்லாத் தூங்கும்.

பால்கனியில் நிஜ வெயில் காட்டலாமா? வலைக்கூண்டு என்றால் காலையில் அரை மணி நேரம், பாதி நிழல் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. இந்த ஊர்க் காக்கைக்கும் பருந்துக்கும் வலை பெரிய தடை இல்லை. கண்ணாடித் தொட்டியை ஒருபோதும் வெயிலில் வைக்காதீர்கள், பத்து நிமிஷத்தில் அடுப்பாகிவிடும்.

தீனி

குட்டி நிறையத் தின்னும், தினமும் பத்துப் பன்னிரண்டு சின்ன கிரிக்கெட். அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. பூச்சிக்கு முதல் நாளே கீரை, கேரட் கொடுத்து வயிற்றை நிரப்பி, வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் தூளைப் பூசிக் கொடுக்க வேண்டும். டி3யும் வைட்டமினும் மாதம் இருமுறை மட்டும். அதிகமானால் அதுவே விஷம். கிரிக்கெட்டா, தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பானா என்றால், குட்டிக்கு கிரிக்கெட். நகர்ந்து நகர்ந்து கண்ணை இழுக்கும். மிச்சத்தை ராத்திரி எடுத்துவிடுங்கள், தூங்கும் குட்டியைக் கடிக்கும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் பட்டுப்புழு. ராமநகரம் பட்டுக்கூடுச் சந்தை பக்கத்தில்தானே. சுற்றுவட்டாரத்தில் வளர்க்கிற விவசாயி யாராவது தெரிந்தால் சின்னப் புழுக்கள் கொஞ்சம் கேட்டு வாங்கி மல்பெரி இலையில் வைத்துக்கொள்ளலாம். மெத்தென்று இருக்கும், நீர்ச்சத்து அதிகம், குட்டி சப்புக்கொட்டித் தின்னும். தோட்டத்தில் மருந்து தெளித்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் பிடிக்கும் வெட்டுக்கிளி வேண்டாம், எந்தச் செடியில் என்ன மருந்து தின்றதோ.

முதல் வாரம்

குட்டி வந்த அன்று அக்காவும் வந்திருந்தாள். முதலில் "பச்சோந்தியெல்லாம் வீட்டுக்கு ஆகாதுடா" என்று முகத்தைச் சுளித்தவள், பெட்டியைத் திறந்ததும் அதன் கை விரல்களைப் பார்த்து வாயடைத்துப் போனாள். இரண்டு விரல் ஒரு பக்கம், மூன்று விரல் மறுபக்கம், குழந்தை கையுறை மாட்டியது போல. எடுத்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஒருவரும் தொடவில்லை. பெட்டியைக் கூண்டுக்குள் சாய்த்து, கிளையோடு சேர்த்து வைத்துவிட்டு, கதவை மூடி விலகிவிட்டோம். அது தானாக ஏறிக்கொள்ள ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

கூண்டு நம் தலை உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கும் எதையும் அது கழுகு என்றே நினைக்கும். அந்த அறையில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, திரவக் கொசு மருந்து எதுவும் கூடாது. மின்விசிறிக் காற்றும் நேராகப் படக் கூடாது. ஒரு வாரம் தீனி வைக்க, தண்ணீர் பாட்டில் நிரப்ப மட்டும் கிட்டே போகச் சொன்னேன்.

நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கூண்டு சரியா என்பதை அதுவே சொல்லிவிடும். ஆள் மாறினால் பச்சோந்தி மாதிரி மாறுகிறான் என்று நாம் திட்டுகிறோம். உண்மையில் சுற்றியிருப்பதைப் பார்த்து அது வேஷம் போடுவதில்லை. குளிர், சூடு, பயம், கோபம் எல்லாம் அப்படியே தோலில் வந்துவிடும், மறைக்கத் தெரியாத ஜீவன். வெளிர்ப் பச்சை என்றால் நிம்மதி. காலையில் கறுத்து, தட்டையாகி விளக்கின் கீழ் நின்றால் சூடேற்றிக்கொள்கிறது. நாள் முழுக்கக் கறுப்பு, பகலில் கண் மூடல், இது இரண்டும் ஆபத்து. ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. தனியாகவும் ஊர்வன பார்ப்பவர்கள் ஒருசிலர் உண்டு. குட்டி வருவதற்கு முன்பே யாரிடம் போவது என்று விசாரித்து நம்பரை எழுதி வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குத் தேடும் வேலை இல்லை இது.

முதல் மூன்று நாள் குட்டி கீழ்க்கிளையிலேயே கரும்பச்சையாக இருந்தது. நாலாம் நாள் காலை அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான், கதவிடுக்கிலிருந்து எடுத்தது. மணி பிளான்ட் இலையின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. குட்டி ஒரு கண்ணால் அதைப் பார்க்கிறது, இன்னொரு கண் கதவு மேல். பிறகு வாயைக் கொண்டுபோய் இலையில் வைத்து, தொண்டை ஏறி இறங்க, நாற்பது வினாடி விடாமல் குடித்தது. அன்று மதியமே ஏழு கிரிக்கெட் தின்றதாகச் சொன்னான்.

பின்னங்கால் குதியில் முள் இல்லை, அதனால் பெண் குட்டி. ஆண் சேராமலே ஐந்தாறு மாதத்திலிருந்து முட்டை வைக்கத் தொடங்கிவிடும். மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். கூண்டின் கீழ் வலது மூலையை அதற்காகவே காலியாக விட்டிருக்கிறோம். அங்கே ஒரு வாளி வரும், அதில் ஓரடி ஆழத்துக்கு, கையால் குடைந்தால் சுரங்கம் இடியாமல் நிற்கும் பதத்தில் ஈர மணல். ஆறு மாதம் ஆனதும் தீனியைப் பாதியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்க வேண்டும். நிறையத் தின்றால் நிறைய முட்டை, அது அவள் உடம்பை உருக்கும். மே மாதத்துக்குள் வாளி உள்ளே போய்விட வேண்டும் என்று அக்கா மகன் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறான். மணலைக் கழுவி என் வீட்டு மாடியில் காய வைத்திருக்கிறேன்.